கீ வெஸ்ட் கோட்டைக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் தென்கோடியில் உள்ள தீவான கீ வெஸ்டில் இருக்கிறது ஃபோர்ட் சாக்கரி டெய்லர் மாநிலப் பூங்கா. பறவை பார்க்கப் போகிறவர்கள் பலர், லீவு கிடைத்ததே என்று ஜூன், ஜூலையில் போய்விடுகிறார்கள். அப்போது வெயிலும் வேர்வையும்தான் மிச்சம். செப்டம்பர், அக்டோபர், இல்லாவிட்டால் ஏப்ரல்தான் பறவைகள் கூட்டமாக இடம்பெயரும் வலசைக் காலம். அங்கிருந்து கியூபா சுமார் 145 கிலோமீட்டர். தெற்கே போகும் பறவை கடலைத் தாண்டுமுன் தின்று தெம்பேற்றிக்கொள்ள அதுதான் கடைசி நிலம்.

மாதம் சரியாக இருந்தாலும் காற்றைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஏப்ரலில் வானம் தெளிந்து தென்காற்று அடித்தால், கியூபா பக்கமிருந்து வரும் பறவைகள் பெரும்பாலும் இறங்காமலே கடந்துவிடும். வடகாற்றும் மழையும் குறுக்கிட்டால் களைத்துப்போய், கிடைத்த மரத்தில் இறங்கும். அதனால் மழை என்று அறையில் முடங்காதீர்கள், விட்டதும் ஓடுங்கள். அக்டோபரில் வடகாற்று வீசும் நாளில் அண்ணாந்து பார்த்தால் பைரிகள் என்ற வேட்டைப் பறவைகள் கடந்து போவது தெரியும்.

கடற்கரையில் நிழல் தருவது நமக்குத் தெரிந்த சவுக்கு மரம்தான். அங்கே அது வெளியிலிருந்து வந்து பரவிய மரம். அதன் அடியிலேயே உட்கார்ந்துவிடாமல் மற்ற புதர்களையும் பொறுமையாகப் பாருங்கள். கறுப்பும் ஆரஞ்சுமாக, வாலை விரித்து விரித்து மடக்கியபடி பூச்சி பிடிக்கும் ரெட்ஸ்டார்ட் கண்ணில் படலாம். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு மட்டும் அழைக்காதீர்கள். இரவெல்லாம் கடல் தாண்டி வந்த பறவையை வீணாக அலைக்கழிப்பது கொடுமை.

பூங்காவுக்குள் இருக்கும் பழைய கோட்டையைப் பார்க்காமல் திரும்பவும் கூடாது. 1845இல் கட்டத் தொடங்கியபோது அது கடலுக்குள் நின்றது. பிற்காலத்தில்தான் சுற்றிலும் மண் நிரப்பினார்கள். 1898 வாக்கில் உயரத்தைக் குறைத்தபோது பழைய பீரங்கிகளை உள்ளேயே புதைத்துவிட்டார்கள். 1968 முதல் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். மேல்தளத்தில் நின்றால் ஃபிரிகேட் பறவைகள் பிளவுபட்ட வாலோடு, இறக்கையே அடிக்காமல் மிதப்பதைப் பார்க்கலாம்.

கரையில் கல் அதிகம், வெறுங்காலோடு தண்ணீரில் இறங்காதீர்கள். ரப்பர் செருப்பு இருந்தால் பாறைகளின் பக்கம் நீந்தி மீன் பார்க்கலாம்.

அப்புறம், மியாமியிலிருந்து காரில் காலையில் கிளம்பிப் போகும் திட்டம் வேண்டாம். நாலு மணி நேரப் பயணம்; போய்ச் சேரும்போது உச்சிவெயில், பறவைகள் அடங்கியிருக்கும். முந்தின நாளே போய்த் தங்கினால், காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் இருக்கலாம்.