சளி மாத்திரையும் 650-ம் சேர்த்துப் போடாதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கி தை மாதப் பனி விலகும்வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அந்த மாதங்களில் ஓயாமல் கேட்பது இதுதான்: "அண்ணா, ஒரு சளி மாத்திரை, ஒரு 650 குடுங்க."

இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் பெரிய தவறு. 650 என்பது 650 மில்லிகிராம் பாராசிட்டமால், அதாவது காய்ச்சல் மாத்திரை. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் 325 அல்லது 500 மில்லிகிராம் இருக்கிறது. கூடவே மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் வேறு மருந்துகள். பெயரும் நிறமும் மாறுவதால் நமக்குத் தெரிவதில்லை. 650-ம் 500-ம் நாளைக்கு நான்கு வேளை போட்டால் 4600 மில்லிகிராம் ஆகிவிடும். திடமான பெரியவரே 24 மணி நேரத்தில் 4000-த்தைத் தாண்டக் கூடாது. தினம் குடிப்பவருக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும், மெலிந்த உடம்புக்காரருக்கும் அதுவே அதிகம்.

அளவு மீறினாலும் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, லேசான குமட்டலோடு சரி. கல்லீரல் கெட்டது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். இதற்கு முறிமருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் நன்றாகவே கேட்கும். அதனால் கூடிப்போனது தெரிந்தவுடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். நம் ஊர்களில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குழந்தைகளுக்குத் தவறு அளவில் நடக்கிறது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100. அதைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் பெரியவர் மாத்திரை ஒன்று உள்ளே போன மாதிரி. கடையில் குழந்தையின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான். இருமல், சளி மருந்துகள் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாக அவை தேவையில்லை.

கொழுந்து பறிக்கும் அக்காமார் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்கைக் காலை டீயோடு, வெறும் வயிற்றில், தினமும் போடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. வயிறு புண்ணாகும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் கெடும். அது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. காய்ச்சலுக்கு அதைப் போடவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும்.

சளி மாத்திரை தூக்கம் வரவழைக்கும். போட்டுவிட்டுப் பர்லியார் வளைவுகளில் வண்டி இறக்காதீர்கள்.

அப்புறம் நீலகிரித் தைலம். நம் ஊர்ப் பொருள் என்பதால் அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ தடவக் கூடாது. சில மில்லி வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பழைய சிரப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாட்டிலோடு நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.