ஆக்சோலோட்டல் வளர்ப்பு: முதலில் குளிர்ந்த நீர், கடைசியில் விலங்கு

ஆக்சோலோட்டல் என்பது வாலுள்ள நீர்நில உயிர்களான சாலமாண்டர்களில் ஒன்று. அதை வளர்க்க ஆசைப்படுவோரில் பலர் கடையில் கண்டதும் வாங்கிவிட்டு, தொட்டியைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். வாங்கும் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் முதலில் வர வேண்டும். அடுத்து தொட்டியும் வடிகட்டியும். அதன்பின் நீர் பக்குவப்படும்வரை சில வாரக் காத்திருப்பு. எல்லாம் முடிந்த பிறகே விலங்கு. நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடிய இந்த உயிர், வந்த சில வாரங்களிலேயே இறந்துபோகிறதென்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் அது வருவதற்கு முன்பே அந்தத் தொட்டியில் இருந்திருக்கும்.

ஏன் இவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்பதை அதன் பிறப்பிடம் விளக்கும். மெக்சிகோ நகரின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களுமே இயற்கையில் இதற்கு எஞ்சியிருக்கும் ஒரே வாழிடம். அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், அதாவது உதகமண்டலத்தின் உயரத்தையொட்டி அமைந்திருப்பதால், அங்குள்ள நீர் ஆண்டு முழுவதும் பெரிதாகச் சூடேறுவதில்லை. மற்ற சாலமாண்டர் இனங்கள் பல வளர்ந்ததும் செவுள்களை இழந்து கரையேறிவிடும். ஆக்சோலோட்டலோ தலையின் இருபுறமும் விரிந்த செவுள்களோடு வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருந்துவிடுகிறது. ஆகவே நீரின் தரம் கெட்டால் ஒதுங்கிச் செல்ல அதற்கு வேறு இடமில்லை. 1864ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட 34 விலங்குகளின் வழிவந்தவையே இன்று ஆய்வகங்களிலும் வீடுகளிலும் வளர்பவற்றில் பெரும்பாலானவை. ஆயினும் தொட்டியில் எத்தனை தலைமுறை கடந்தும் அவற்றின் உடல் கேட்பது அதே குளிர்ந்த நீரைத்தான்.

நீரின் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சிறப்பு. 20 டிகிரியைத் தாண்டும்போதே கவனம் தேவை. 24 டிகிரிக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. விலங்கின் உடலியக்கம் வேகமெடுத்து ஆக்சிஜன் தேவை அதிகரிக்கிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ கோடையில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். இத்தகைய ஊர்களில் மின்விசிறியைத் தொட்டியின் மேல் திருப்பிவைத்தால் ஆவியாதல் மூலம் சில டிகிரி மட்டுமே குறையும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் அதுவும் கிடைக்காது. 24 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் நீரும் ஏறக்குறைய அதே வெப்பத்தில் நிற்கும் என்பதால் ஏசியும் முழுத் தீர்வாகாது. உறைந்த தண்ணீர் பாட்டில்களை மிதக்கவிடுவது அவசரத்துக்கு உதவும். அன்றாட வழக்கமாக்கினால் வெப்பநிலை ஏறி இறங்கி விலங்கை வாட்டும். ஆகவே உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் வசிப்போரைத் தவிர மற்றவர்கள் கம்ப்ரஸர் உள்ள சில்லரைத் தவிர்க்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. அதன் விலையும் மின்கட்டணமும் கட்டுப்படியாகாது என்றால் இந்த விலங்கை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

சில்லரைத் தேர்ந்தெடுக்கும்போது தொட்டியின் கொள்ளளவை மட்டும் சொன்னால் போதாது. மே மாதப் பிற்பகலில் உங்கள் அறை எவ்வளவு சூடாகும், அதிலிருந்து எத்தனை டிகிரி இறக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும்; 34 டிகிரி அறையில் 17 டிகிரி நீர் என்பது கருவிக்குக் கடுமையான வேலை. கம்ப்ரஸர் இல்லாமல் சிறு மின்தகட்டால் குளிர்விக்கும் மலிவான கருவிகள் அறை வெப்பத்திலிருந்து சில டிகிரியே இறக்கக்கூடியவை. சில்லர் தான் உறிஞ்சிய வெப்பத்தை அறைக்குள்ளேயே வெளியேற்றுவதால், அதை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் தெர்மோகோல் ஒட்டினால் அதன் சுமை கணிசமாகக் குறையும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர் முத்துமுத்தாகத் திரண்டு வழியும்; அந்த நீர் மின்பலகையில் சொட்டாதபடி பலகையைத் தொட்டியின் மட்டத்துக்கு மேல் சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள். ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்கைச் சேருமுன் கீழே தாழ்ந்து தொங்கி மேலேறுமாறு விட்டால், கம்பி வழியே ஓடிவரும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்பில் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு விலங்குக்குக் குறைந்தது 75 லிட்டர் தொட்டி வேண்டும். 100 லிட்டருக்கு மேல் இருந்தால் நீரின் தரத்தைக் காப்பது எளிது. முழு வளர்ச்சியில் 23 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும் இது தரையில் நடந்தே பெரும்பாலான நேரத்தைக் கழிப்பதால், உயரத்தைவிடத் தரைப்பரப்பு அதிகமான தொட்டியே ஏற்றது. 100 லிட்டர் நீரே 100 கிலோ எடை என்பதை நினைவில்கொண்டு, சமதளமான, வெயில் படாத இடத்தில் உறுதியான தாங்கியின் மேல் வைக்க வேண்டும். திடுக்கிட்டால் ஆக்சோலோட்டல் வெளியே துள்ளிவிடும் என்பதால் காற்றுப் புகும் மூடி கட்டாயம். அதற்கு இமைகள் இல்லை; பிரகாசமான விளக்கு அதைத் துன்புறுத்தும். ஒளிந்துகொள்ளக் குகைபோன்ற மறைவிடங்களையும், குறைந்த ஒளியில் வளரும் ஜாவா மாஸ், அனுபியாஸ் போன்ற செடிகளையும் அமைத்துக் கொடுங்கள்.

தரையில் கூழாங்கற்களைப் பரப்பவே கூடாது. இந்த விலங்கு இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து, உள்ளே பாயும் நீரோடு இரையை உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது அருகில் கிடக்கும் கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். இளம் விலங்குகளுக்கு வெறும் தரையே பாதுகாப்பு. 15 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்மணலை மெல்லிய அடுக்காகப் பரப்பலாம், அல்லது கால் ஊன்றி நடக்க வசதியாகச் சொரசொரப்பான தரைக்கல் பலகைகளைப் பதிக்கலாம்.

இனி, புதியவர்கள் பெரும்பாலும் பொறுமை இழக்கும் கட்டம். விலங்கின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது அளவோடு இருந்தால் தீங்கற்றது. இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டியின் பரப்புகளிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகும். விலங்கு இல்லாத தொட்டியில் வடிகட்டியை ஓடவிட்டு, அம்மோனியம் குளோரைடு கரைசலைக் கொண்டு அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவந்து, சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் மூலம் ஓரிரு நாளுக்கு ஒருமுறை அளந்து, குறைந்ததும் மீண்டும் சேர்த்துவர வேண்டும். அவ்வாறு சேர்த்த 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா சுழி, நைட்ரைட் சுழி என்ற நிலைக்கு வந்து, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். இந்தப் பாக்டீரியாக்கள் வெதுவெதுப்பில் வேகமாகப் பெருகுபவை. எனவே நம் ஊர்களில் பக்குவப்படுத்தும் காலம் முழுவதும் சில்லரை நிறுத்தியே வைக்கலாம். ஆனால் நீரை 17 டிகிரிக்கு இறக்கியதும் அவற்றின் வேகம் தளரும். ஆகவே குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை 2 மில்லிகிராம் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, பெருமளவு நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்த பின்னரே விலங்கை விட வேண்டும்.

வடிகட்டியைப் பொறுத்தவரை, ஏர் பம்ப்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் எளியது, மலிவானது, நீரோட்டமும் மென்மையானது. பலமான நீரோட்டத்தில் இந்த விலங்கு களைத்து, செவுள்களை முன்னோக்கி வளைத்துக்கொண்டு நிற்கும். சில்லரிலிருந்து திரும்பும் குழாயின் வாயையும் துளையிட்ட குழல் ஒன்றால் பரப்பிவிட வேண்டியது இதனால்தான். பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து வெளியே எடுத்த நீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

வாரம் ஒருமுறை நீரில் 20 முதல் 30 சதவீதத்தை மாற்ற வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் இன்னும் அடிக்கடி மாற்றுங்கள். மாநகராட்சிக் குடிநீரில் உள்ள குளோரினை அகற்ற, மீன் கடைகளில் ஆண்டி குளோரின் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட்டைக் குறிப்பிட்ட அளவில் கலக்கலாம். கற்றாழைச் சாறு சேர்த்த நீர்ப் பக்குவிகளை வாங்காதீர்கள். வீட்டு ஆர்.ஓ. நீரில் தாதுக்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருப்பதால் அதை மட்டும் ஊற்றக் கூடாது. ஓரளவு கடினத்தன்மையும், 7.4 முதல் 7.6 வரையிலான பிஎச் அளவும் உள்ள நீரே இதற்கு உகந்தது. போர் தண்ணீர் பல இடங்களில் மிகக் கடினமானதாகவும் காரத்தன்மை மிகுந்ததாகவும் இருக்கிறது. பிஎச் உயர உயர அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடும் என்பதால், அத்தகைய நீரில் சிறிதளவு அம்மோனியா கூட அதிகத் தீங்கு செய்யும். போர் தண்ணீரையும் ஆர்.ஓ. நீரையும் கலந்து, அளந்து பார்த்து, ஒரே விகிதத்தைத் தொடர்ந்து பின்பற்றுவது நல்லது. புதிய நீரை வாளியில் பிடித்துவைத்து, உறைந்த பாட்டில்களால் தொட்டியின் வெப்பநிலைக்கு இறக்கிவிட்டு ஊற்றுங்கள். குழாயிலிருந்து நேரே ஊற்றினால் 30 லிட்டர் சூடான நீர் முழுத் தொட்டியையும் ஒரே நிமிடத்தில் சூடாக்கிவிடும்.

உணவில் மண்புழுவை மிஞ்சியது இல்லை. உரமோ பூச்சிக்கொல்லியோ படாத மண்ணிலிருந்து வந்த புழுக்களாக இருக்க வேண்டும். தென்னைநார்க் கழிவில் வீட்டிலேயே வளர்த்துக்கொள்வது மிக நல்லது. மண்புழு உரத்துக்கு வளர்க்கப்படும் சிவப்புப் புழுக்கள் கசப்பான திரவத்தைச் சுரப்பதால் சில விலங்குகள் அவற்றைத் துப்பிவிடும். வளர்ந்தவற்றுக்கு வாரம் இரண்டு மூன்று முறையும், இளையவற்றுக்கு நாள்தோறும் கொடுக்கலாம். வயிற்றின் அகலம் தலையின் அகலத்தை ஒட்டி இருப்பது சரியான உடற்கட்டு. மாற்று உணவாக உறையவைத்த ரத்தப்புழுவும், மூழ்கும் புரதக் குளிகைகளும் பயன்படும். சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளில் உயிரோடு கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள் பெரும்பாலும் சாக்கடைச் சேற்றில் எடுக்கப்படுபவை. அவற்றோடு நோயும் வந்து சேரும். இரைக்கென விற்கும் சிறு மீன்களும் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும். மிஞ்சிய உணவையும் கழிவையும் அன்றன்றே உறிஞ்சுகுழலால் எடுத்துவிடுங்கள்.

துணைக்கு மீன் விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள், கூடாது. சிறிய மீன்கள் செவுள் இழைகளைக் கொறிக்கும், அல்லது தாமே இரையாகும். டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் சக்கர் மீன், ஆக்சோலோட்டலின் தோலில் உள்ள வழவழப்பான படலத்தை உறிஞ்சிப் புண்ணாக்கும். தன் இனத்தோடும் எச்சரிக்கை தேவை: இளையவை ஒன்றன் காலை மற்றொன்று கடித்துவிடும். இழந்த கால் மீண்டும் முளைத்துவிடும் என்பது உண்மையே. அதற்காக அந்தக் காயத்தை அலட்சியம் செய்யலாகாது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் பெண் ஒரே முறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டு நலிந்துபோகும். பொரிக்கும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் எளிதல்ல. மிகுந்துபோன விலங்குகளை ஏரியிலோ கிணற்றிலோ விடுவது குற்றமும் கொடுமையும் ஆகும்.

நோயின் முதல் அறிகுறிகள் நடத்தையில் தெரியும். வால்நுனி சுருண்டிருப்பது, செவுள்கள் முன்னோக்கி வளைந்தே இருப்பது, உணவை மறுப்பது, கட்டுப்பாடின்றி மிதப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், மருந்தைத் தேடுமுன் தெர்மாமீட்டரையும் டெஸ்ட் கிட்டையும் கையிலெடுங்கள். எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பே. செவுள்களில் பஞ்சுபோன்ற வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால், குளோரின் நீக்கிய குளிர்ந்த நீருள்ள சுத்தமான டப்பாவில் தனியே வைத்து, நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்றிவர வேண்டும். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமையின் உலர்ந்த பழுப்பிலை ஒன்றை அந்த நீரில் ஊறப்போட்டால், அதிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் பூஞ்சையை மட்டுப்படுத்த உதவும். மீன்களுக்கான மருந்துகளில் தாமிரம், மாலகைட் பச்சை, ஃபார்மலின் ஆகியவை உள்ளவற்றை அருகிலேயே கொண்டுவராதீர்கள். இந்த விலங்கின் தோல் எதையும் எளிதில் உள்ளிழுத்துக்கொள்ளும். தோல் சிவந்து தடித்தாலோ, உடல் வீங்கினாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. நீர்நில உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை விலங்கை வாங்குமுன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

அறையின் காற்றையும் தொட்டியின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். ஏர் பம்ப் உறிஞ்சி நீருக்குள் செலுத்துவது அந்தக் காற்றைத்தான். கொசுவிரட்டித் திரவம், கொசுவத்தி, கரப்பான் மருந்து ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சுகள் நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியவை. தொட்டி இருக்கும் அறையில் அவற்றை அறவே பயன்படுத்தாமல், சன்னலுக்கு வலையடித்துக்கொள்ளுங்கள். சோப்பு, சானிடைசர், கிரீம் பூசிய கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

மின்வெட்டுக்கும் முன்னேற்பாடு வேண்டும். ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் இணைத்தோ, பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்தோ காற்றோட்டத்தைத் தக்கவைக்கலாம். உறைந்த பாட்டில்கள் சிலவற்றை எப்போதும் ஃப்ரீசரில் வைத்திருந்தால், சில்லர் நின்ற சில மணி நேரத்தை ஒவ்வொன்றாக இட்டுச் சமாளிக்கலாம்.

இந்தியாவில் இருப்போர் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஆக்சோலோட்டல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தமும், அதன்கீழ் 2024இல் வந்த விதிகளும், இத்தகைய விலங்குகளை வைத்திருப்பதையும் அவற்றின் கைமாற்றம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றையும் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவுசெய்யக் கோருகின்றன. உரிய ஆவணங்களைத் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.