'டு'வுக்குப் பின்னால் 'இங்' எப்போது?

வெள்ளவத்தையில் ஓ.எல். (சாதாரண தர) வகுப்பின் ஆங்கிலத் தாள்களைத் திருத்தும்போது மூன்று நாள் இதிலேயே போனது: 'ஃபோர்ஸ்ட் டு லீவ்' சரி, 'கமிட்டட் டு இம்ப்ரூவ்' மட்டும் ஏன் பிழை? பட்டியலாகப் பாடமாக்க வைத்தேன். புதுச் சொல் வந்ததும் பிள்ளைகள் சறுக்கினார்கள்.

கைகொடுத்தது ஒரு சோதனை. வினையை எடுத்துவிட்டு 'இட்' போடுங்கள். 'கமிட்டட் டு இட்' நிற்கும். அந்த 'டு' முன்னிடைச்சொல் (பிரிபோசிஷன்), ஆகவே 'இம்ப்ரூவிங்'. 'ஃபோர்ஸ்ட் டு இட்' நிற்காது, வெறும் 'லீவ்'. 'ஆஃப்', 'ஃப்ரம்', 'வித்' என்றால் சோதனையே வேண்டாம், 'இங்'தான். ஆனால் களவு ஒன்றானாலும் 'அக்யூஸ்ட் ஆஃப் ஸ்டீலிங்', 'சார்ஜ்ட் வித் ஸ்டீலிங்'. எந்தச் சொல்லுக்கு எது என்பதைப் பாடமாக்கத்தான் வேண்டும்.

'யூஸ்ட் டு'வில் சோதனை ஏமாற்றும். முன்னால் பாருங்கள்: 'ஐ யூஸ்ட் டு வோக்', முன்பு நடப்பேன், 'ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்', நடந்து பழகிவிட்டது. அந்தச் சின்ன 'ஆம்'தான் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை.