ரெசின் கோஸ்டர்: பரிசாகக் கொடுக்கும் முன் தேத்தண்ணி வைத்துப் பாருங்கள்

நவம்பர் பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் கோஸ்டர் (கோப்பைக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டு) படங்கள் வரிசை கட்டும். நத்தாருக்கு அலுவலக நண்பர்களுக்கும் பக்கத்து ஃபிளாட்காரருக்கும் கையால் ஏதாவது செய்து கொடுக்கலாமென்று புறக்கோட்டைக்குப் போய் ரெசின் (அச்சில் ஊற்றினால் கண்ணாடி போல் இறுகும் திரவம்), சிலிக்கன் அச்சு, தங்கத்தூள் எல்லாம் வாங்கி வந்திருப்பார்கள். படத்தோடு ஒரு கேள்வியும் வரும்: "அக்கா, இது ஏன் இப்படி வந்தது?" பெரும்பாலும் நானும் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறுகள்தான். காற்றுக்குமிழி, அளவுக்கு மீறிய மினுக்கு பற்றியெல்லாம் யூடியூபே சொல்லித்தரும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூட்டைச் சோதிக்காமல் கொடுப்பது

நம் வீடுகளில் கோஸ்டர்மேல் வந்து உட்காருவது ஆவி பறக்கும் பிளேன்டீ. இதை மறந்து நிறத்தையும் பூவையும் மட்டும் யோசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

வெள்ளவத்தையில் என்னிடம் பழக வந்த ஒரு தங்கச்சி, காய்ந்த போகன்வில்லாப் பூக்களைப் பதித்து அழகான செட் ஒன்று செய்து மாமியாருக்குக் கொடுத்தாள். நத்தார் விருந்தில் எல்லாருக்கும் சுடச்சுடத் தேத்தண்ணி வந்தது. பெரியவர் ஒருவர் கோப்பையைத் தூக்க, கோஸ்டரும் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பியது. வாய்க்குக் கிட்டப் போனதும் கழன்று மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால், பூவின்மேல் கோப்பையின் அடிவட்டம் பள்ளமாகப் பதிந்திருந்தது. "குப்பியில் கிரிஸ்டல் கிளியர், ஹை குவாலிட்டி என்றெல்லாம் போட்டிருந்ததே அக்கா" என்றாள். எவ்வளவு சூடு தாங்கும் என்று போட்டிருக்கவில்லை, அவள் தேடவும் இல்லை.

கைவேலைக்கு விற்கும் சாதாரண எபொக்சி ரெசின்களில் பல 50 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். உருகி ஓடாது, ரப்பர் மாதிரி ஆகும். கொதிநீர் ஊற்றிய கிளாசின் அடி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்ற சொல்லோடு திருப்திப்படாமல் எத்தனை பாகை என்ற எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாத குப்பியில் சாவிக்கொத்து செய்யலாம்.

அந்த எண்ணும் முழுதாக இறுகிய ரெசினுக்குத்தான் பொருந்தும். 24 மணித்தியாலத்தில் அச்சிலிருந்து கழன்று வரும், நகத்தால் தட்டினால் 'டக்' என்று கேட்கும். ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். வகையைப் பொறுத்து, முழுதாக இறுக 3 முதல் 7 நாள் வேண்டும். டிசம்பர் 24 கொடுப்பதென்றால் 15ஆம் திகதிக்குப் பிறகு ஊற்றாதீர்கள்.

நேரம் போதவில்லை என்று ஹார்ட்னரை, அதாவது ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் திரவத்தை, கூட்டி ஊற்றுபவர்களும் உண்டு. படகுக்குப் பூசும் ஃபைபர் ரெசினில் இரண்டு சொட்டுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். அதைப் பார்த்த பழக்கம். எபொக்சியில் ஹார்ட்னரும் ரெசினும் கணக்காகச் சேர்ந்தால்தான் இறுகும். கூடிப்போன ஹார்ட்னர் எதோடும் சேராமல் உள்ளேயே கிடக்கும், கோஸ்டர் மாதக்கணக்கில் வைத்தாலும் பிசுபிசுக்கும். பிழைத்த கலவையைத் திருத்த வழியில்லை, காசு கொடுத்து வாங்கிய ரெசின் குப்பைக்குத்தான் போகும்.

நான் செட்டுக்கு ஒன்று கூடுதலாக ஊற்றச் சொல்கிறேன். ஒரு கிழமை கழித்து, கொதிநீர் நிறைத்த மக் ஒன்றை அதன்மேல் கால் மணித்தியாலம் வையுங்கள். தடம் விழுந்தால் அந்தச் செட்டைக் குளிர்பானத்துக்கு மட்டும் என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுங்கள். வெள்ளை டைலில் படம் ஒட்டிச் செய்பவர்களுக்கும் இதே சோதனைதான். மேலே பூசும் பசையில் பல, காய்ந்த பிறகும் சூடு பட்டால் ஒட்டும். (இத்தனை பாடுபட முடியாதென்றால், பனையோலையில் பின்னிய தட்டு இருக்கிறது. எந்தச் சூட்டுக் கோப்பையும் அதில் ஒட்டாது.)

பத்திக் துணியை அப்படியே புதைப்பது

துணி ரெசினைக் குடித்து நிறம் கறுக்கும், வெள்ளைப் பகுதி ஈரம் பட்டதுபோல் ஊடுதெரியும். இழைகளுக்குள் இருந்த காற்றும் வெளியே வந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு பக்கமும் பூசி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் பதியுங்கள்.

கனவளவும் நிறையும்

குப்பியில் கனவளவுக் கணக்குப் போட்டிருந்தால் அளவுக்கோப்பை, நிறைக் கணக்கென்றால் தராசு. ரெசினும் ஹார்ட்னரும் ஒரே பாரம் கிடையாது, அதனால் ஒரு கணக்கை மற்றதற்குப் போட்டால் கலவை பிழைக்கும்.

கையுறை

போடுங்கள்.

மழை நாளில் ஊற்றுவது

வேண்டாம். காற்றின் ஈரத்தால் மேலே எண்ணெய்ப் பசை போல ஒரு படலம் படியும். படிந்துவிட்டால், இறுகிய பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

பொதி செய்வது

குமிழித் தாளில் நேராகச் சுற்றினால், முற்றாக இறுகாத ரெசினில் ஒவ்வொரு குமிழியும் புள்ளி புள்ளியாகப் பதியும். ஒவ்வொரு கோஸ்டருக்கும் நடுவே கேக் தட்டுக்குப் போடும் பேக்கிங் தாளை வெட்டி வைத்து, அதற்குப் பிறகு எதிலும் சுற்றலாம். செட்டை வாகனத்துக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.