பழைய தலைப்புச் செய்திக்குக் கற்பனை எழுதுகிறவர்கள் விடக்கூடாத பிழைகள்

வாசிகசாலை ஆண்டுவிழா, பாடசாலைக் கண்காட்சி என்றால் பழைய பத்திரிகைத் தலைப்புகளுக்கென்று ஒரு பலகை வைக்கலாம். மேலே தலைப்பு, கீழே "இதை நம்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று ஒரு கற்பனை. நல்ல வேலை. சனம் நின்று வாசிக்கும், சிரிக்கும். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள், முன்பு செய்தவர்கள் விட்ட அதே பிழைகளைத்தான் திரும்பவும் விடுகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கல் அச்சு போன்றவற்றை யாரும் கண்டு திருத்துவார்கள். அவை இங்கே வேண்டாம்.

நடந்ததோடு கற்பனையைக் கலப்பது

1938 ஒக்டோபர் 30 இரவு, செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வருவதாக அமெரிக்காவின் சீபீஎஸ் வானொலியில் ஒரு நாடகம் போனது. நடத்தியவர் ஓர்சன் வெல்ஸ். நாடே பீதியில் கலங்கியதாக மறுநாள் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. "இலட்சக்கணக்கானோர் வீதிக்கு ஓடினர்" என்று அதை நடந்த விளைவாகவே இன்றும் எழுதுகிறார்கள். பிழை. சிலர் பயந்தது உண்மை, பொலிசுக்கு அழைப்புகள் போனதும் உண்மை. ஆனால் அன்றிரவு ஹூப்பர் என்ற கணிப்பு நிறுவனம் 5000 வீடுகளுக்குத் தொலைபேசியில் கேட்டபோது, அந்த நிகழ்ச்சியைக் கேட்பதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம்தான். அதே நேரத்தில் இன்னொரு வானொலியில் போன நகைச்சுவை நிகழ்ச்சிக்குத்தான் கூட்டம். விளம்பர வருமானத்தை வானொலி இழுத்துக்கொண்டு போவது பத்திரிகைகளுக்கு அன்று பெரிய தலையிடி. அதைப் பொறுப்பற்றது என்று காட்ட அவர்களுக்கு ஒரு சாட்டு கிடைத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த துணுக்குகளைக் கூட்டிப் பெரும் பீதியாக்கினார்கள். தலைப்பிலேயே விளைவு ஊதிப் பெருத்திருக்க, அதன்மேல் நாங்கள் இன்னொரு கற்பனையை ஏற்றினால் வாசிக்கிறவருக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது?

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிழைக்கு விலை கூட. 1981இல் பொது நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி தேடுவதே பெரும்பாடு. பலகையைப் போனில் படமெடுக்கிற பிள்ளை, கற்பனை என்ற குறிப்பு விழாத மாதிரி வெட்டி அனுப்பும். பிறகு வேறொரு ஊர் மலரில் அது வரலாறாக அச்சாகி வரும். அதற்குப் பிறகு திருத்துவது யார்?

ஆகவே, முழுப் பக்கத்தையும் பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரியப் படமெடுங்கள். தலைப்புக்குக் கீழே உள்ள செய்தியைக் கடைசி வரி வரை வாசியுங்கள். அடுத்த மூன்று நாள் இதழ்களையும் தேடிப் பாருங்கள். திருத்தம் வந்திருந்தால் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில் கிடக்கும். ஈழகேசரி, ஈழநாடு இதழ்கள் பல "நூலகம்" என்ற இணையத்தளத்தில் இருக்கின்றன. கற்பனைப் பகுதியைப் பத்திரிகைப் பத்தி மாதிரி அடிக்கவே கூடாது. நிறத்தாளில், வேறு எழுத்தில் போடுங்கள். "கற்பனை" என்ற சொல் மூலையில் அல்ல, முதல் வசனத்துக்குள்ளேயே இருக்கட்டும். அப்போது வெட்டினாலும் போகாது.

எந்தப் பதிப்பு என்று பாராமல் சிரிப்பது

"டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்று 1948 நவம்பர் 3ஆம் திகதிய சிக்காகோ டெய்லி ட்ரிபியூன் போட்டது. அமெரிக்கச் சனாதிபதித் தேர்தல் அது. வென்றவர் ட்ரூமன். அச்சுக்கோப்பாளர் வேலைநிறுத்தத்தால் வழமையைவிடச் சில மணித்தியாலம் முந்தியே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. வாக்கு எண்ணி முடியமுன் ஊகத்தை நம்பிப் போட்டார்கள். பிந்திய பதிப்பில் தலைப்பு மாறிவிட்டது. இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் கற்பனைக்கு ருசி வரும்: யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் முதற்பதிப்பை மட்டும் பார்த்துவிட்டு, சனாதிபதி டூயி படத்தோடு ஆயிரம் கலண்டர் அடித்து, 1949 தை மாதம் முழுக்கக் கடலை சுற்றிக் கொடுத்திருப்பார்.

1841இல் நாலு பத்தித் தலைப்பு

யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகையான உதயதாரகை தொடங்கிய அந்தக் காலத்தில் நாலு பத்தி அகலத் தலைப்பென்று ஒன்று கிடையாது. ஒரு பத்திக்குள் அடங்கிய சின்னத் தலைப்புத்தான். அப்படி ஒன்றை நீங்களே செய்து வைத்தால், போலி என்று கண்டவுடன் தெரியும்.

உயிர் போன செய்தி

டைட்டானிக் மூழ்கியது, உயிர்ச்சேதம் இல்லை என்று 1912 ஏப்ரல் 16 டெய்லி மெயில் போட்டது. இறந்தவர்கள் 1500க்கு மேல். குழம்பி வந்த கம்பியில்லாத் தந்திகளை நம்பிய பிழை அது. காரணத்தை விளக்கி வைக்கலாம். கற்பனை எழுத வேண்டாம். மரண அறிவித்தல்களும் அப்படியே.

செலோரேப்

ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும்.

லமினேற்

அதுவும் வேண்டாம். ஒருமுறை சூட்டில் ஒட்டினால் தாளைச் சேதமில்லாமல் எடுக்க முடியாது. பத்திரிகைத் தாள் மரக்கூழ்த் தாள். வெயில் பட்டால் கெதியாகப் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும். பலகைக்குப் போட்டோக்கொப்பி போதும். மூலப்பிரதியை விரித்தபடி கெட்டி மட்டைகள் இரண்டுக்கு நடுவில் வைத்து, நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். றங்குப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினால் மாரி ஈரமும் கரையானும் மிச்சம் வைக்காது.