தீம் பார்க்குக்கு எத்தனை நாள்? ரைடை எண்ணிப் பாருங்கள்

டிக்கெட் எடுக்கும் முன் கட்டாயம் ஏற வேண்டிய ரைடுகளை எழுதி, ஏழால் வகுத்துப் பாருங்கள். பார்க் பத்து மணி நேரம் திறந்திருந்தால் சாப்பாடு, நடை, ஒரு ஷோ என்று மூன்று மணி நேரம் போய்விடும். பெரிய ரைடுக்கு வரிசையோடு சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தால் ஏழுதான் தேறும். இதை உறுதிசெய்ய, போகப்போகும் அதே கிழமையில், அந்த ஊர் நேரப்படி பகல் 12 மணிக்கு பார்க்கின் ஆப்பைத் திறந்து காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். எல்லாமே 25 நிமிடம் என்று காட்டினால் இரண்டாம் நாள் டிக்கெட் வீண்.

யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் போல ஒரே பார்க் என்றால் பெரும்பாலும் ஒரு நாள் போதும். டோக்கியோ அருகே டிஸ்னிலேண்ட், டிஸ்னிசீ இரண்டும் தனித்தனி பார்க்குகள்; வழக்கமான ஒரு நாள் டிக்கெட்டில் ஒன்றுக்குள்தான் போகலாம். அங்கே வகுத்தல் கணக்கை ஒவ்வொரு பார்க்குக்கும் தனியாகப் போடுங்கள்.

கைக்குழந்தையோடு போனால் இந்தக் கணக்கு உதவாது; மதியத் தூக்கமே பாதி நாளைத் தின்றுவிடும். வரிசையில் அதிகம் காத்திருக்காமல் ஏற உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தாது. விமானம் இறங்கும் நாளை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.