உரப்பையின் நூலை உருவத் தெரிந்தால்

போரின்போது இலங்கையின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அம்மா ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூல்திரி. போத்தலே சிமினி. நான் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். வீட்டுக்கு மின்சாரம் வந்து பல வருடமாகியும் குசினித் தட்டில் பதினான்கு ஜாம் போத்தல்கள் தூசி படிந்து கிடந்தன. போன பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது பன்னிரண்டைப் பழைய போத்தல் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன். அன்று முழுவதும் அம்மா என்னோடு கதைக்கவில்லை.

ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்தும் கைபடாத சாமான் எலிக்குத்தான் உதவும். என்ன வேலைக்கு என்று தெரிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் வட்டக்கச்சிப் பக்கம் அப்படி வைத்துக்கொள்ள முதல் தகுதி உரப்பைக்குத்தான். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது வெறும் பைக்கும் தட்டுப்பாடு வந்தது. அதன் அருமை அன்றுதான் தெரிந்தது. 50 கிலோப் பையின் வாயைக் கத்தியால் வெட்டாதீர்கள். அது சங்கிலித் தையல். ஒரு முனையில் நூலைக் கத்தரித்து, முதல் இரண்டு மூன்று கண்ணிகளை ஊசியால் நெகிழ்த்தி இழுத்தால் சரசரவென்று முழுவதும் கழன்று வரும். இறுகிக்கொண்டால் மறுமுனையில் தொடங்குங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே அவிழும். அந்த நூலைச் சுற்றி வைத்தால் பயற்றங்கொடி கட்ட உதவும்.

பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, ஒரு இரவு ஊறவிட்டு அலசுங்கள். யூரியாப் பை என்றால் முதல் தண்ணீரைத் தென்னம்பாத்திக்கு ஊற்றலாம். கிணற்றடியில் மட்டும் ஊற்ற வேண்டாம், அது குடிக்கும் தண்ணீருக்குள் இறங்கும். காய்ந்ததும் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டியெடுத்து, அதை நாலாக மடித்துக் கைப்பிடி தைக்கவும். வெட்டிய ஓரத்தை இரண்டு தடவை மடித்துத்தான் தைக்க வேண்டும். முதல் பையில் நான் மடிக்காமல் விட்டேன். இழை இழையாகப் பிரிந்து, கிளிநொச்சிச் சந்தை வாசலில் ஐந்து தேங்காயும் உருண்டு போயின. ஒன்றை ஓட்டோவின் சில்லுக்கடியிலிருந்து எடுத்தேன்.

அதே பையில் மண் நிரப்பிக் கத்தரியும் வைக்கலாம். ஆனால் வெயில் படும் பக்கம் நாளடைவில் நொறுங்கித் தூளாகும். அந்தத் தூள் மண்ணில் கலக்க முன்னர் பையை மாற்றிவிடுங்கள். அரிசி, மா போன்ற உணவுச் சாமான் எதையும் உரப்பையில் போடக் கூடாது. பூச்சிமருந்துப் போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் வீட்டுப் பாவனைக்கு எடுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் வாங்கக்கூட.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மிளகாய்க் கன்றைக் காப்பாற்றுவது 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல். மூடியில் சூடாக்கிய ஊசியால் ஒரு துளை. கழுத்துக்குள் ஒரு சிட்டிகை தேங்காய்த் தும்பு, மண் போய் அடைக்காமலிருக்க. அடிப்பக்கத்தை முழுதாக வெட்டியெடுக்காமல் ஒரு விரலளவு விட்டு வெட்டினால் அதுவே மூடியாக இருக்கும். தலைகீழாகக் கன்றின் அருகே புதைத்து, காலையில் நிரப்பி, மூடிவிடுங்கள். மூடாவிட்டால் நுளம்பு முட்டையிடும். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் நியாயம் கேட்க மாட்டார்கள். சிரட்டை, தயிர்ச்சட்டி, ரயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தயிர்ச்சட்டியை நாற்றுக்கு எடுப்பதென்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஆணியைக் கையால் மெல்லத் திருகித் துளையிடுங்கள். சுத்தியலால் தட்டி நான் மூன்றை உடைத்தேன்.

பழைய சைக்கிள் ரயரில் ஒரு சாண் துண்டு வெட்டிப் படலைக்கும் அதைத் தாங்கும் கப்புக்கும் சேர்த்து ஆணி அடித்தால் பிணைச்சல் தயார். துருவும் ஏறாது, கிறீச்சென்ற சத்தமும் இராது. ரியூப்பைக் குறுக்கே விரலகலத்தில் நறுக்கினால் கடை றப்பர் வளையங்களை விட உறுதியானவை கிடைக்கும்.

பழைய இரும்பு சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுச் சட்டி, மண்வெட்டி, தகரம் விற்கலாம். காணி கொத்தும்போது என்னவென்று தெரியாத உலோகம் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். போரில் வெடிக்காமல் கிடந்த குண்டாக இருக்கலாம். இடத்தை அடையாளம் வைத்துவிட்டுக் கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். கிலோவுக்குக் கிடைக்கும் காசுக்காக இந்த மண்ணில் கை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மிஞ்சிய இரண்டு ஜாம் போத்தல்களில் ஒன்றில் அடுத்த போகத்துக்குப் பயற்றை விதை இருக்கிறது. நன்றாகக் காயவைத்து, அடுப்புச் சாம்பல் கலந்து, இறுக மூடியிருக்கிறேன். மற்றதை அம்மா தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.